துயரச் சித்திரங்களும் சேலம் டி. ஆர். சுந்தரமும்

முகவுரை

மக்கள் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளை ஆராய்ந்த நம் முன்னோர், அவை மெய்யின்கண் புலப்படும் முறைபற்றி எண்வகை மெய்ப்பாடுகளாக அவற்றை வகுத்தனர். அவற்றுள் நகைக்கு அடுத்தபடியாக வைக்கப்பெற்றது அழுகை. அவ்வழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது தொல்காப்பியனார் கொள்கை. பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னிருந்த நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல் என்பன அந்நான்குமாம். இவற்றுள் ஒன்று வந்துற்றாலே மனிதன் கலங்குகிறான். நான்கும் ஒருங்கே வந்து தாக்குமாயின் அவன் அறிவு நிலைகுலைந்து போவதில் வியப்பு என்ன இருக்கிறது?

துயரத்தால் நிலைகுலைந்த உள்ளத்தைக் காட்டுவது நாடகத்திற்குப் பழைய தொழில். சினிமாவும் தன் இளமைப் பருவத்திலேயே அத்தொழிலை மேற்கொண்டது. 1920ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் வெளியான டாக்டர் காலிகரி என்னும் ஊமைப்படம், மனநோயர் விடுதியையும் மயங்கிய மனத்திற்கு உலகம் தோன்றும் விதத்தையும் திரையில் காட்டிப் பெயர் பெற்றது. தமிழில் துயரச் சித்திரங்களைப் பற்றிப் பேச நேரும்போது நாம் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தையே நினைக்கிறோம். ஆயின் சேலம், நாமக்கல் சமவெளியிலே பிறந்து, அவ்விடத்திலேயே ஒரு படமனையை அமைத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழருடைய கண்ணீரைத் திரையில் ஏற்றிய ஒருவர் இருந்தார். அவரே மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்கள்.

அவரைப் போற்றுவோர் அவருடைய நேரந்தவறாமையைப் போற்றுவர். முதல் இரட்டை வேடப் படத்தையும் முதல் வர்ணப் படத்தையும் எடுத்துக்கூறுவர். அவர் படங்கள் பலவற்றின் ஊடே இழையோடிய துயரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவருடைய வாழ்க்கையை அவ்விழையைப் பற்றிக்கொண்டு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

சேலத்திற்குத் தென்மேற்கே, அர்த்தநாரீசுவரர் எழுந்தருளிய செந்நிற மலையின் அடியில் அமைந்த ஊர் திருச்செங்கோடு. இன்று அது நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்நாளில் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தது. நெசவும் நூல் வியாபாரமும் அவ்வூர் மக்களின் பெருந்தொழில்கள். அவ்வூரில் துணி வாணிகம் நடத்திய செல்வக் குடும்பமொன்றில் ராமலிங்கம் என்பாரின் புதல்வராய் 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். திருச்செங்கோட்டையும் தந்தையின் பெயரையும் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் அவர் பெயருக்கு முன் நின்று, பின்னாளில் அவரை டி. ஆர். எஸ். என்று நாடறியச் செய்தன. அவரிடம் வேலைசெய்தவர்கள் அவரை முதலாளி என்றே அழைத்து வந்தனர்.

குடும்பத் தொழிலை வளர்க்கும் எண்ணத்தோடு அவர் இங்கிலாந்து சென்று, கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன லீட்ஸ் நகரில் நெசவுத்தொழில் நுட்பம் பயின்றார். நெசவு பயின்றவருக்குச் சினிமா எங்ஙனம் பொருந்தும் என ஒருவர் ஐயுறலாம். ஆலையிலே நேரமே தலைவன். ஒருவர் காலந்தாழ்த்தால் ஒரு வரிசைத் தறிகள் வாளாவிருக்கும். இப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டே அவர் தாயகம் திரும்பினார். நடிகர் வரும்போது படப்பிடிப்புத் தொடங்கும் என்று பலர் எண்ணியிருந்த தொழிலில், மணி அடிக்கும்போது தொடங்கும் என்னும் முறையை அவர் நாட்டியதற்கு இக்கல்வியே வித்தாயிற்று.

ஏஞ்சல் பிலிம்ஸும் நல்லதங்காளும்

1931ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் படத்தோடு தமிழ் பேசும்படம் பிறந்தது. அந்நாளில் தமிழ்ப்படம் எடுக்க விரும்பியவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் ரயிலேற்றிச் செல்லவேண்டியிருந்தது. சேலத்திலே வேலாயுதம் பிள்ளை என்பாருடன் கூட்டுச் சேர்ந்து ஏஞ்சல் பிலிம்ஸ் என்னும் கம்பெனியின் வழியாகச் சுந்தரம் இத்துறையிற் புகுந்தார். 1934ஆம் ஆண்டில் திரௌபதி வஸ்திராபஹரணமும், 1935ஆம் ஆண்டில் துருவன் கதையும் நல்லதங்காள் கதையும் அக்கம்பெனியின் படங்களாக வெளிவந்தன.

இம்மூன்று கதைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். திரௌபதி பெரியோர் நிறைந்த சபையில் மானம் குலைக்கப்பட்டவள். துருவன் தந்தையின் மடியில் ஏறியமர விரும்பிச் சிற்றன்னையின் சொல்லால் இறக்கிவிடப்பட்ட பாலகன். நல்லதங்காள் பிறந்தகத்தின் வாயிலிலே கதவடைக்கப்பட்டவள். மூவரும் தமக்கு உரிய இடத்தில் இகழப்பட்டவர்கள். அந்நியர் இகழ்ந்தால் மனிதன் கோபங் கொள்கிறான். தன்னவர் இகழ்ந்தால் உள்ளம் உடைகிறான். திரௌபதிக்குக் கண்ணன் துணை வந்தான். துருவனுக்கு நாராயணன் காட்சியளித்தான். நல்லதங்காளுக்கோ அந்நேரத்தில் துணைவருவார் ஒருவருமில்லை. ஆகவே மூன்றனுள்ளும் அவள் கதையே ஆழமானது.

அக்கதையை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் அண்ணன் நல்லதம்பியோடு பிறந்து வளர்ந்த நல்லதங்காள், மானாமதுரைக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு மக்களைப் பெற்றாள். பன்னிரண்டு ஆண்டுகள் மழையில்லை. பசி தாங்காத மக்களை அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டை நாடி வருகிறாள். அண்ணன் வேட்டைக்குச் சென்றிருக்கிறான். அண்ணி மூளியலங்காரி கதவைத் தாழிடுகிறாள். உள்ளே புகுந்த பின்னும் பட்டினியும் ஏச்சுமே கிடைக்கின்றன. அண்ணன் வருமளவும் பொறுத்திருக்க அவளால் இயலவில்லை. பாழுங்கிணற்றை நாடிச் சென்று, மக்களை ஒவ்வொருவராக அதனுள் தள்ளுகிறாள். மூத்த பிள்ளை தன்னையாவது பிழைக்கவிடும்படி மன்றாடுகிறான். அவனையும் விடாது தள்ளித் தானும் வீழ்கிறாள்.

பெற்ற மக்களைக் கிணற்றில் தள்ளும் தாயைப் பேய் என்று உலகம் இகழ்ந்திருக்கலாம். தமிழ்நாட்டு மக்கள் அங்ஙனம் இகழவில்லை; அவளைத் தெய்வமாக்கி வழிபட்டனர்; அவள் கதையைக் கும்மியாகவும் கூத்தாகவும் பாடினர்; பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டுச் சந்தையில் விற்றனர். காரணம் யாது? அழுகைக்குரிய நான்கு காரணங்களும் அவள்மீது ஒரே நாளில் வந்து விழுந்தன. வறுமை முன்னரே வந்தது. செல்வக்குடியில் பிறந்த நிலை தாழ்ந்தது. அண்ணி வாயால் இகழ்ச்சி வந்தது. இனித் தனக்கு யாருமில்லை என்னும் எண்ணத்தால் அண்ணனையும் இழந்தவள் போலானாள். இனி விடியாது என்று முடிவுகட்டிய மனத்திற்குக் கிணறே அடைக்கலமாகத் தோன்றியது. அம்முடிவு அறிவின் முடிவன்று, நோயுற்ற மனத்தின் முடிவே என்பதைக் கல்லாத மக்களும் தம் கண்ணீரால் உணர்ந்திருந்தனர். வேட்டைக்குச் சென்ற அண்ணன் திரும்பி வந்தான் என்பதையும் கதை மறவாது கூறுகிறது. அவள் இன்னும் சிறிது பொறுத்திருந்தால், அல்லது அவளைப் பொறுத்திருக்கச் செய்ய அயலார் ஒருவர் இருந்திருந்தால் என்று ஏங்காதவர் இலர்.

இக்கதை சேலத்துக் கம்பெனியின் படமாயிற்று என்பது நினைக்கத்தக்கது. 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கொடிய துன்பமுற்ற ஜில்லாக்களுள் சேலமும் ஒன்று. 1935ஆம் ஆண்டில் கொட்டகையின் தரையில் அமர்ந்து படம் பார்த்தவர்களுள் அப்பஞ்சத்தைக் கண்ட கிழவரும், பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மகவுகளும் இருந்திருப்பர். பன்னிரண்டு ஆண்டு வறட்சி என்பது அவர்களுக்குப் புலவன் புனைந்த கற்பனையாகத் தோன்றியிராது.

எனினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். கதை பழியனைத்தையும் மூளியலங்காரி ஒருத்தியின்மேல் சுமத்திவிடுகிறது. மழை பொய்த்தபோது ஊர் என்ன செய்தது, அரசு என்ன செய்தது என்னும் கேள்விகளை அது கேட்பதில்லை. ஒரு கொடியவளைத் தண்டித்துவிட்டால் துயரத்தின் கணக்குத் தீர்ந்தது என்று நாம் வீடு திரும்பிவிடுகிறோம். பல ஆண்டுகள் கழித்து, 1992ஆம் ஆண்டில், பெண்சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கியதும் இதே சேலம் மாவட்டத்தில்தான். வளர்க்க வழியில்லை என்று எண்ணிய தாய் குழவியைத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பது அத்திட்டம். பெண்ணைச் சுமையாக எண்ணும் வழக்கத்தை அத்தொட்டில் ஒழித்துவிடவில்லை. ஆயினும் கிணற்றுக்குப் போகும் வழியில் வேறொரு கதவு திறந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. நல்லதங்காளுக்கு வாய்க்காததும் அதுவே.

மாடர்ன் தியேட்டர்ஸ்

கல்கத்தாவுக்குப் போய்வரும் செலவும் அலைச்சலும் சுந்தரத்தைச் சிந்திக்க வைத்தன. சேலத்திலேயே படம் எடுத்தால் என்ன? 1935ஆம் ஆண்டில் அவர் மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனியை நிறுவினார். சேர்வராயன் மலைக்குச் செல்லும் ஏற்காட்டுச் சாலையில் படமனை எழுந்தது. படப்பிடிப்புத் தளமும், ஒலிப்பதிவும், படம் கழுவும் கூடமும், எழுத்தாளர்க்கும் நடிகர்க்கும் தொழிலாளர்க்கும் மாதச் சம்பளமும் கொண்ட ஓர் ஆலையாகவே அது நடந்தது. ஜெர்மனி தேசத்து ஒளிப்பதிவு வல்லுநரும் அங்கு வந்து பணிபுரிந்தார்.

புதிய கம்பெனியின் முதற்படம் 1937ஆம் ஆண்டில் வெளியான சதி அகல்யா. இலங்கையிலிருந்து வந்த கே. தவமணி தேவி அதில் அகலிகையாக நடித்தார். இந்திரன் செய்த வஞ்சத்தால் கணவனுடைய சாபத்திற்கு ஆளாகிக் கல்லான பெண்ணின் கதை அது. பெருந்துயரம் வந்தவர்களைப் பற்றிக் கல்லாய்ச் சமைந்துவிட்டாள் என்று நம் வீட்டுப் பெண்டிர் கூறுவதுண்டு. அழவும் இயலாது, பேசவும் இயலாது, உண்டதும் உடுத்ததும் அறியாது அமர்ந்திருக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அகலிகையின் கதையை அம்முறையில் எண்ணிப் பார்த்தால், அது சாபத்தின் கதை என்பதோடு, இகழ்ச்சியால் உறைந்துபோன ஓர் உள்ளத்தின் கதையாகவும் விளங்கும்.

அடுத்த ஆண்டில், அதாவது 1938ஆம் ஆண்டு ஜனவரியில், மலையாள மொழியின் முதற் பேசும்படமான பாலன் சேலத்திலிருந்து வெளியாயிற்று. எஸ். நொட்டாணி அதனை இயக்கினார். தாயை இழந்து மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான அண்ணன் தங்கை இருவரின் கதை அது. கேரள நாட்டுச் சினிமா தன் முதற்சொல்லை அழுகையாகப் பேசிற்று; அவ்வழுகையைக் கேட்டுப் பதிந்தது சேலத்துக் கருவி.

1940ஆம் ஆண்டில் உத்தம புத்திரன் வந்தது. இரும்பு முகமூடி தரித்த மனிதனைப் பற்றிப் பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா எழுதிய கதையைத் தழுவிச் சுந்தரம் இதனை இயக்கினார். பி. யு. சின்னப்பா இரட்டைச் சகோதரர் இருவராகவும் நடித்தார். தமிழ்த்திரையில் ஒருவரே இரட்டை வேடம் பூண்டது அதுவே முதல்முறை. அக்காலத்து மக்கள் ஒரே மனிதர் இருவராகத் தோன்றும் விந்தையைக் காணத் திரண்டனர். அவ்விந்தைக்கு அடியில் ஒரு வேதனை இருக்கிறது. தன் முகத்தைப் பிறர் காணவொண்ணாதபடி இரும்பால் மூடப்பட்டவன், தான் இன்னான் என்று சொல்லியும் நம்புவாரின்றித் தவிக்கிறான். அரச நிலையினின்று தாழ்த்தப்பட்டதோடு தன்னுடைய பெயரையும் இழந்து நிற்பவன் அவன். மனம் பேதலித்தவர்கள் படும் துன்பங்களுள் பெரியதும் இதுவே. அவர்கள் கூறும் உண்மையும் பிதற்றலாகவே கொள்ளப்படுகிறது.

மனோன்மணியும் சுலோசனையும்

தமிழ் இலக்கியம் பயில்வார்க்குச் சுந்தரம் செய்த தொண்டு ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடகத்தை 1942ஆம் ஆண்டில் அவர் மனோன்மணி என்னும் படமாக்கினார். டி. ஆர். ராஜகுமாரியும் பி. யு. சின்னப்பாவும் அதில் நடித்தனர். ஒருவரையொருவர் நேரிற் காணாத இருவர் கனவில் கண்டு காதல் கொள்வது அந்நாடகத்தின் அடிப்படை. யாரென்றும் எவ்வூரென்றும் அறியாத ஒருவனை நினைந்து மனோன்மணி உருகுகிறாள்; தந்தையாகிய ஜீவக வழுதி அவள் நோயின் காரணம் அறியாது மயங்குகிறான். வேட்கையில் தொடங்கி, மெலிதல், மறத்தல், மயக்கம் எனப் படிப்படியாக ஏறிச் சாக்காட்டில் முடியும் என்று இலக்கணம் கூறும் காம நிலைகளைப் பாடமாக மட்டும் படித்தவர்க்கு, அவை உயிருள்ள ஒரு பெண்ணின் மனத்தில் நிகழும் நோய்க்கூறுகள் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

1946ஆம் ஆண்டில் சுலோசனா என்னும் படத்தில் சுந்தரம் அவர்களே இந்திரசித்தாக வேடம் புனைந்து நடித்தார். வான்மீகத்திலும் கம்பர் காவியத்திலும் இல்லாது, வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை சுலோசனையினுடையது. போர்க்களத்தில் கணவனை இழந்த அவள், அவன் தலையைப் பெற்றுத் தீயிற் புகுந்தாள் என்பர். இந்திரசித்தின் மரணத்தைக் கம்பர் பாடியபோது தந்தையின் புலம்பலையும் தாயின் புலம்பலையும் நம் நெஞ்சு நடுங்கப் பாடினார். மனைவியின் புலம்பலுக்கு ஓரிடம் வேண்டும் என்று மக்கள் கருதினர் போலும். அவ்விடத்தைக் கதை நிரப்பிற்று, கதையைத் திரை ஏற்றுக்கொண்டது. பகைவனுடைய வீட்டிலும் விதவை அழுகிறாள் என்பதை இத்தகைய கதையால் பாமரரும் உணர்வர்.

மறைந்த காப்பியங்கள்

ஐம்பெருங்காப்பியங்களுள் குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. காலம் அழித்த இவ்விரு காப்பியங்களின் கதைகளையும் தழுவிச் சேலத்திலே படங்கள் எடுக்கப்பட்டன என்பது வியப்பிற்குரியது. முதலாவது 1950ஆம் ஆண்டில் வெளியான மந்திரி குமாரி. இரண்டாவது 1952ஆம் ஆண்டில் வெளியான வளையாபதி. பின்னதற்குப் பாரதிதாசன் வசனம் எழுதினார். கணவனால் தள்ளப்பட்ட மனைவியின் துயரமே வளையாபதிக் கதையின் நடுப்பொருள்.

மந்திரி குமாரிக்கு மு. கருணாநிதி கதை வசனம் எழுதினார். எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்கத் தொடங்கி, அவர் தாய்நாடு திரும்பியபின் சுந்தரம் முடித்துக்கொடுத்தார். குண்டலகேசியின் கதையை நாம் அறிவோம். கொலைத்தண்டனை பெற்ற கள்வனை விரும்பி மீட்டு மணந்தாள் பத்திரை. விளையாட்டாக அவள் கள்வன் என்று சொன்ன சொல்லைப் பொறாது, அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான் அவன். கணவனை மும்முறை வலம்வந்து இறக்க விரும்புவதாகக் கூறி, பின்னின்று அவனைத் தள்ளிவிட்டு அவள் உயிர் பிழைத்தாள். படத்திலே அமுதவல்லியாக மாதுரி தேவியும், கொள்ளைக்காரக் கணவன் பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜனும் நடித்த அம்மலையுச்சிக் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறவார்.

நூலின் முடிவும் படத்தின் முடிவும் வேறுபடுகின்றன. குண்டலகேசி உலகை வெறுத்துத் துறவு பூண்டாள். நாடெங்கும் திரிந்து வாதம் புரிந்தாள். இறுதியில் புத்த தருமத்தில் அமைதி கண்டாள். தன் கையால் தன் அன்பனைக் கொல்ல நேர்ந்த பெண்ணுக்கு ஊர் ஊராய்த் திரிந்து வாதாடுதலே மருந்தாயிற்று. படத்து அமுதவல்லிக்கு அம்மருந்து வாய்க்கவில்லை. அரசவையில் உண்மையை வெளியிட்டு நாட்டைக் காத்த அவளை, மகனை இழந்த இராஜகுரு வெறிகொண்டு கொன்றுவிடுகிறான். துயரம் ஒருத்தியை உண்மை கூறச் செய்தது. அதே துயரம் மற்றொருவனைக் கொலைகாரனாக்கிற்று. படம் முழுவதிலும் வாட்போரும் பாட்டும் நிறைந்திருந்தபோதிலும், அதன் உள்ளீடு இவ்விரு துயரங்களே.

திரும்பிப் பார்

1953ஆம் ஆண்டில் சுந்தரம் இயக்கிய திரும்பிப் பார், புராணத்தையும் அரசர் கதையையும் விட்டுத் தம் காலத்து வீடொன்றினுள் புகுந்தது. இதற்கும் மு. கருணாநிதியே எழுதினார். பெண்களை ஏமாற்றித் திரியும் இளைஞனாகச் சிவாஜி கணேசனும், அவனைத் திருத்த முயன்று துன்புறும் அக்காளாகப் பண்டரிபாயும் நடித்தனர். சொல்லிய புத்தி ஒன்றும் செல்லாதபோது, அக்காள் பெண் என்னும் உறவை முன்னிறுத்தி, அவன் கூசி நிற்கும்படியான கொடிய சொல்லைச் சொல்லுகிறாள். அச்சொல் அவனைத் தன் வாழ்நாளைத் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. இதுகாறும் கூறிய கதைகளில் துன்புற்றவர் மனமே உடைந்தது. இதில் துன்புறுத்தியவன் மனம் உடைகிறது. அவ்வுடைவே அவனுக்கு நன்மையாய் முடிகிறது. இகழப்பட்டவர் கதையோடு தொடங்கிய சுந்தரம், இகழ்ந்தவனை நோக்கிக் கண்ணாடி பிடித்த இடம் இது.

தொழில்முறையும் இறுதி நாட்களும்

இத்தகைய கண்ணீர்க் கதைகளை எடுத்தவர் மென்மையாளராய் இருந்திருப்பார் என எண்ணினால் அது தவறு. அவர் கண்டிப்பும் காலந்தவறாமையும் உடையவர். பெயர்பெற்ற நடிகரும் புதிதாய்ச் சேர்ந்த தொழிலாளியும் அவர் படமனையில் ஒரே மணிக்கு வரக் கடமைப்பட்டவர்கள். காலை முதல் மாலை வரை கணக்கிட்டுக் கண்ணீர் சிந்த வைப்பது கலைக்கு ஒவ்வுமா எனச் சிலர் கேட்கலாம். ஒழுங்கில்லாத இடத்தில் துயரம் வெறுங் கூச்சலாகிவிடும் என்பதே அதற்கு விடை. அழுகின்ற பாத்திரத்தைப் படைப்பவர் தாமும் அழுதுகொண்டிருந்தால் விளக்கைச் சரிசெய்வார் யார்?

ஆயினும் அவ்வாலை முறைக்கு ஒரு வரம்பும் இருந்தது. கொட்டகையில் மக்கள் விரும்பிய சண்டை, நடனம், துப்பறியும் சூழ்ச்சி ஆகியவற்றைக் கம்பெனி ஆண்டுதோறும் அளித்துவர வேண்டியிருந்தது. அதனால் துயரக் காட்சி ஒன்று நெஞ்சில் ஊறுமுன்பே நகைச்சுவைக் காட்சி வந்து அதனைத் துடைத்துவிடுவதும் உண்டு.

1956ஆம் ஆண்டில் எம். ஜி. ராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த அலிபாபாவும் 40 திருடர்களும் தமிழின் முதல் முழுநீள வர்ணப் படமாக வெளியாயிற்று. 1961ஆம் ஆண்டில் மலையாளத்தின் முதல் வர்ணப் படமான கண்டம் பெச்ச கோட்டு இக்கம்பெனியிலிருந்தே வந்தது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், சுந்தரம் காலமானார். அவருக்குப்பின் அவர் புதல்வர் சில காலம் கம்பெனியை நடத்தினார். பின்னர்ப் படமனை மூடப்பட்டது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானோர் நுழைந்த வாயிலின் வளைவு மட்டும் ஏற்காட்டுச் சாலையில் அதன் நினைவாக எஞ்சிற்று.

முடிவுரை

சுந்தரம் மனநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தவரல்லர்; சமூகச் சீர்திருத்தம் செய்யப் புறப்பட்டவருமல்லர். அவர் நல்ல வியாபாரி. மக்கள் அழ விரும்பினார்கள், அவர் அழுவதற்கு ஓரிடம் அமைத்துக் கொடுத்தார். ஆனால் அவர் தேர்ந்த கதைகள் ஓர் உண்மையை மீண்டும் மீண்டும் கூறின. மனம் தானே உடைவதில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் கதவை அடைக்கிறார்கள். அண்ணி அடைத்த கதவு, முனிவன் இட்ட சாபம், மாற்றாந்தாயின் சொல், தம்முன் பூட்டிய முகமூடி என அக்கதவுக்குப் பெயர் பல.

இவ்வுண்மையைத் திரையின்முன் அமர்ந்து உணர்ந்து அழுகின்ற நாம், தெருவில் அதே துயரத்தைக் கண்டால் என்ன செய்கிறோம்? சென்னையில் மனநோயருக்கென ஒரு விடுதி 1794ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அது பைத்தியக்கார விடுதி என்னும் பழம்பெயர் நீங்கி மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது 1922ஆம் ஆண்டில். பெயர் மாறிற்று, மக்கள் மனம் விரைந்து மாறவில்லை. பித்தன் என்றால் சிரிப்பதற்குரியவன் என்றே நம் படங்களிற் பல இன்றளவும் காட்டுகின்றன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தப்பியோட வழியின்றி இறந்தனர். அதன் பின்னரே நாடு விழித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மனநல பராமரிப்புச் சட்டம் நோயரைச் சங்கிலியால் பிணித்தலை விலக்கிற்று. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாது, கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதிப் பேணவேண்டும் என்றும் விதித்தது. நல்லதங்காளைத் தெய்வமாக்கிய பாமரர் பன்னெடுங் காலத்திற்கு முன் உணர்ந்திருந்ததைச் சட்டம் 2017ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது.

கலாசாலை அன்பர்களே, நாம் விடுதிகளில் ஒருங்கு வாழ்கிறோம். நம்மிடையே பரீட்சையில் தவறியவர் உண்டு; வீட்டிலிருந்து வந்த செய்தியால் இடிந்தவர் உண்டு; எல்லோரும் சிரிக்கும்போது கல்லாய்ச் சமைந்து அமர்ந்திருப்பவரும் உண்டு. அவர்களிடம் அறிவுரை கூறச் செல்லுதல் எளிது. அருகில் அமர்ந்திருத்தல் அரிது. நல்லதங்காளுக்கு வேண்டியிருந்தது அண்ணன் வேட்டையினின்று திரும்புமளவும் உடனிருக்க ஒருவரே. திருச்செங்கோட்டில் பிறந்த ஒரு நெசவு வணிகர் மகன் அக்காட்சியைத் திரையில் ஏற்றி மறைந்தார். திரையின் முன் சிந்திய கண்ணீரைத் திரைக்கு வெளியே பயன்படச் செய்வது நம் கடமை.